பத்து நிமிடம் காத்திரு

ஜூன் 3, திங்கள்

முதலில் வெட்கக்கேட்டை எழுதித் தொலைத்துவிடுகிறேன். இன்று ஏழு நிமிடம் தாமதமாக ஆபீசுக்குப் போய், மூன்று நிமிடம் முன்னதாக வந்ததாகக் கைரேகை வைத்தேன்.

மாயமந்திரம் ஒன்றுமில்லை. எங்கள் ஆபீசில் எல்லாப் பெட்டிகளுக்கும் மணி சொல்வது என் மேசைக் கம்ப்யூட்டர்தான். வாசலிலுள்ள கைரேகைப் பெட்டி, மாடியில் சாப்பாட்டு மணி அடிக்கிற பெட்டி, சோதனை அறையில் நிற்கிற இட்லி மிஷின் எல்லாமே அதைக் கேட்டுத்தான் தங்கள் மணியைத் திருத்திக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தில் கைவைக்க உரிமையுள்ள ஒரே ஆத்மா நான். பின்வாசல் வழியாக நுழைந்து, கடிகாரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி, முன்வாசலுக்கு வந்து விரலை வைத்தேன். 'நல்வரவு தமயந்தி, 8:57' என்றது பெட்டி. மதியம் சாப்பிடப் போகும்போது மறக்காமல் பழையபடி முன்னால் தள்ளிவிட்டேன். திருட்டிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

எல்லாம் இந்தத் தண்ணீரால் வந்தது. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் காலை எட்டு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். என் வீட்டுக்காரர் ஞானவேல் அந்த நாளில் மட்டும் ஏழே முக்காலுக்கே வங்கிக்குக் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் வங்கி எங்கும் ஓடிப்போவதில்லை.

நாற்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பின்வாசல் வழியாகப் பதுங்கினேன் என்பதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. கூடவே பத்து வயது குறைந்த மாதிரியும் இருக்கிறது.

பின்குறிப்பு: காலையில் சோதனை இட்லி ரப்பர். மதியம் போட்ட ஈடு வேகவே இல்லை, மாவு மாவாகவே வந்தது. உளுந்து பழசு என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

தண்ணீர் இல்லாத நாள். 8:50க்கே ஆபீஸ். காலை ஈடு, மதிய ஈடு இரண்டும் பூ மாதிரி. உளுந்து ஒரே ராத்திரியில் திருந்திவிட்டது போல.

முதலாளி கந்தப்பன் என்னைக் கூப்பிட்டார். மனிதர் பெரிய ஓட்டல்களுக்கும் சமையல் கான்ட்ராக்டர்களுக்கும் சமையலறை மிஷின் செய்து விற்கிறவர். அவர் மேசையில் கம்ப்யூட்டர் மூடியே இருக்கும். அதன் மேல் தினசரிக் காலண்டர் திறந்தே இருக்கும்.

"ஏனுங் தமயந்தி, பதினாறாம் தேதி ஞாயித்துக்கிழமை வேலாத்தாக்கா ஒரு நிச்சயதார்த்தத்துக்கு டிபன் போடறாங்க. முன்னூறு பேருக்கு மேல. நம்ம இட்லி மிஷின அங்க கொண்டுபோய் வெக்கறோம். அந்தம்மா சரின்னுட்டா கோயமுத்தூர்ல பாதி கல்யாணம் நமக்குங்."

"நல்லதுங்க சார்."

"நல்லா வந்தா நல்லது. இல்லீன்னா உங்க பாஷைய எடுத்துப்போட்டு, வெளிநாட்டுப் பொட்டி ஒண்ணு வாங்கி மாட்டிரலாம்னு இருக்கறன். நீங்க விற்பனைக்குப் போயிருங். வாய் இருக்குதல்ல உங்களுக்கு."

உங்க பாஷை என்று அவர் சொன்னது 'பதம்'. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய சின்ன நிரல்மொழி. சமையல்காரர்களே தமிழில் நாலு வரி எழுதி மிஷினை ஓட்டலாம்: 'ஆவி திற. பத்து நிமிடம் காத்திரு. ஆவி மூடு. கத்து.' அந்த வரிகளுக்கு அடியில் உட்கார்ந்து அவற்றை நடத்திக்கொடுக்கிற பகுதிக்கு ரன்டைம் என்று பெயர். அந்த ரன்டைமிலும் ஆக அடியில், மணி பார்ப்பதும் காத்திருப்பதும் என் கைவேலை. "எங்க அண்ணி, கம்ப்யூட்டரு சும்மா இருக்கறதுக்குப் புரோகிராம் எழுதறாங்க" என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என் வேலையை இதைவிடச் சரியாக யாரும் விளக்கியதில்லை.

விற்பனைக்கா? நானா? எதிராளி வாய் திறப்பதற்குள் அவர் வீட்டுச் சம்பந்தி சண்டை வரை கேட்டுத் தெரிந்துகொள்வேனே தவிர, மிஷினை விற்க மாட்டேன்.

ஜூன் 5, புதன்

தண்ணீர். பின்வாசல். 8:57.

இட்லி ரப்பர்.

ஜூன் 7, வெள்ளி

நேற்று இட்லி அருமை. இன்று காலை ரப்பர், மதியம் பச்சை மாவு. ஆபீசே துப்பறியக் கிளம்பிவிட்டது.

கந்தப்பனின் கட்சி: தண்ணீர். "குழாத் தண்ணி வர்ற அன்னிக்கெல்லாம் கெட்டுப்போகுது பாத்தீங்களா?" என்று காலண்டரில் கோடு போட்டுக் காட்டினார். சோதனை அறைக்கு வருவது எப்போதும் கேன் தண்ணீர் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கட்சி எனக்கு வசதியாக இருந்தது.

என் கட்சி: மாவு. தினமும் மாவு அனுப்புவது வேலாத்தாக்காவின் அரவை நிலையம் என்பதால், அக்காவுக்கே போன் போட்டேன். அறுபது வயதுக்கு மேல். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆயிரம் பேருக்குப் பந்தி போடுகிற மனுஷி.

"அக்கா, உளுந்து கொஞ்சம் பழசோன்னு..."

"அம்மிணி, என்ற மாவுல கொற சொன்னவீக யாரும் அடுத்த பந்திக்கு வந்ததில்ல. உங்க பொட்டில என்ன கோளாறுன்னு பாருங்."

வைத்துவிட்டார்.

மூன்றாவது கட்சி மாரப்பனுடையது. அவர்தான் சோதனை அறைக்குப் பொறுப்பு. தினமும் ஒன்பது மணி அடிக்கும்போது முதல் ஈடு, ஒரு மணிக்கு அடுத்த ஈடு. ஈட்டுக்கு நாற்பத்தெட்டு இட்லி. இருபது வருடமாகச் சிரிக்காத முகம். ஒரு நோட்டு வைத்திருக்கிறார்.

"மேடம், தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க மாரப்பன்."

"நீங்க அரக்கப்பரக்க ஓடியார அன்னிக்கெல்லாம் இட்லி கெட்டுப்போகுதுங். மூணு நாளு குறிச்சு வெச்சிருக்கறன். உங்க கண்ணு பொல்லாத கண்ணாட்ட இருக்குதுங்."

சாயங்காலம் போய்ப் பார்த்தால் மிஷின் நெற்றியில் எலுமிச்சம்பழமும் ஐந்து பச்சைமிளகாயும் தொங்குகின்றன. கம்ப்யூட்டர் படித்த ஒருத்தியின் கண்ணேறுக்கு, அவள் எழுதிய மிஷினுக்கே திருஷ்டி கழித்த முதல் நிறுவனம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். இரண்டு தொட்டி தண்ணீர் பிடித்தேன். ஞானவேலிடம் எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னேன்.

"மாரப்பன் வெவரமான ஆளு," என்றார்.

"ஏன் மாமா?"

"இருவத்தி மூணு வருசமா என்னயும் அதே கண்ணாலதான பாக்கற."

மத்தியானச் சாப்பாட்டில் அவருக்கு அப்பளம் கிடையாது என்று முடிவாயிற்று.

ஜூன் 11, செவ்வாய்

தண்ணீர் நாள். பின்வாசலில் நுழைந்து, மேசைக்குப் போய்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளினேன். அந்தச் சமயம் பார்த்துச் சோதனை அறைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாக மிஷினின் முகம் தெரிந்தது. 'மீதி 3 நிமிடம்' என்று இருந்தது. நான் தள்ளியதும் 'மீதி 13 நிமிடம்' என்று ஆயிற்று.

மாரப்பன் என்னைப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

உட்கார்ந்து பன்னிரண்டு வருடத்துப் பழைய வரிகளைத் திறந்து படித்தேன். விஷயம் இதுதான். மிஷினுக்குள் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று மணி சொல்கிற கடிகாரம். மணி என்ன, கிழமை என்ன என்றெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் யார் வேண்டுமானாலும் அதன் முள்ளைத் திருகலாம். இன்னொன்று எண்ணுகிற கடிகாரம். மின்சாரம் வந்த நொடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும். அதற்கு மணியும் தெரியாது, அமாவாசையும் தெரியாது. ஆனால் யார் என்ன செய்தாலும் பின்னால் மட்டும் போகாது. மின்சாரத்தை நிறுத்தினால் எண்ணியதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த முறை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

'பத்து நிமிடம் காத்திரு' என்றால் எண்ணுகிறவனைத்தான் கேட்க வேண்டும். 'இப்போது எவ்வளவு? இன்னும் அறுநூறு நொடி கூடட்டும்' என்று உட்கார வேண்டும். அன்றைக்கு ஒருத்தி மணி சொல்கிறவனைக் கேட்டு வைத்திருக்கிறாள். 'இப்போது ஒன்பது. ஒன்பது பத்து ஆகட்டும்' என்று அது வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். யாராவது மணியைப் பின்னால் தள்ளினால் இட்லி இருபது நிமிடம் வேகும். முன்னால் தள்ளினால் வேகவே வேகாது. அந்த ஒருத்தி யார் என்று வரிகளுக்கு மேலேயே எழுதியிருக்கிறது. கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கக் கிளம்புகிற அவசரத்தில் எழுதியது என்று நினைவு. அந்தப் பெண்ணும் அமையவில்லை.

கந்தப்பனிடம் போய், "காரணம் தெரிஞ்சிருச்சுங்க சார். மிஷினுக்கு மணி சொல்ற இடத்துல அவ்வப்போது மணி மாறிருக்குது. அது மாறினாலும் பாதிக்காத மாதிரி திருத்திர்றேன்" என்றேன்.

"மணி தானா எப்படிங் மாறும்?"

"கம்ப்யூட்டர்ல அப்படியெல்லாம் நடக்குங்க சார்."

நடந்தது நடந்தபடிதான் சொன்னேன். யார் கையால் நடந்தது என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

திருத்திவிட்டேன். மாற்றியது பதினொரு வரி. அதற்கு இரண்டு நாள். இடையில் இன்னொரு வம்பு: காத்திருக்கும்போது யாராவது மிஷின் கதவைத் திறந்தால், 'காத்திரு' திடுக்கிட்டு எழுந்து, பத்து நிமிடம் ஆகிவிட்டதாக நினைத்து ஆவியை மூடிவிடுகிறது. எழுப்பினால், 'இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி?' என்று கேட்டுத் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஞானவேலை யாராவது எழுப்பினால் அவராகவே செய்கிற வேலை இது. அதற்கு நான் தனியாக நாற்பது வரி எழுத வேண்டியிருந்தது.

இன்று தண்ணீர் நாள். எட்டுக்கு முன்பே குழாயைத் திறந்து வைத்துவிட்டு எதிர்வீட்டு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே முன்வாசலில் நுழைந்தேன். இனி கடிகாரத்தில் கைவைப்பதில்லை. ஒழுக்கத்தினால் அல்ல. மாரப்பன் நோட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஜூன் 15, சனி

ஆகா! இந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

மிஷினை மண்டபத்துக்கு ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. மாரப்பன் என் கம்ப்யூட்டரோடு இருந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, கடைசிச் சோதனையாக வெறும் தண்ணீரை வைத்து, பத்து நிமிடம் காத்திரு என்று விட்டிருந்தார். நாலு நிமிடம் ஆகியிருக்கும். கந்தப்பன் சூடத்தட்டோடு உள்ளே வந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மணி ஒன்பது நாற்பது.

"சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை ராகு காலமல்லங்! இந்நேரத்துல மிஷினு கெளம்பினா வெளங்குமா?"

"லாரிக்காரரு பத்து மணிக்கு மேல நிக்க மாட்டாருங்க சார்," என்றார் மாரப்பன்.

கந்தப்பன் சூடத்தட்டை ஓரமாக வைத்தார். நேராக மிஷினிடம் போனார். பொத்தானை அமுக்கி, மிஷினின் மணியை எட்டு ஐம்பதுக்குத் திருப்பினார்.

"ஆச்சுங். நல்ல நேரம்."

"சார், வெளிய ராகு காலம் அப்படியேதானுங்களே இருக்குது?"

"கெளம்பறது மிஷினு. அதுக்குத் தெரியாதல்ல?"

அவர் சூடம் காட்டத் தொடங்கினார். போன வாரம் வரைக்குமான 'காத்திரு' என்றால் இப்போது ஒரு மணி நேரம் அப்படியே நின்றிருக்கும். கையில் போனை வைத்துக்கொண்டு நொடி எண்ணினேன். ஒன்பதாவது நிமிடம். ஒன்பதரை. சூடம் அணைந்தது. சரியாகப் பத்தாவது நிமிடம் ஆவி அடங்கியது, மிஷின் 'பீப்ப்ப்' என்று கத்தியது!

நான் கைதட்டினேன். கந்தப்பன் தம் பூஜைக்குத்தான் தட்டுகிறேன் என்று நினைத்து, பயபக்தியோடு எனக்குத் திருநீறு நீட்டினார். வாங்கிப் பூசிக்கொண்டேன். மாரப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிஷின் நெற்றியிலிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துக் குப்பையில் போட்டார். விருது வாங்கினால்கூட எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி வந்திருக்காது.

வரும் வழியில் மல்லிகைப்பூ நாலு முழம் வாங்கினேன். வீட்டில் ஞானவேல், "என்ன விசேசம்?" என்றார். "பத்து நிமிசம் பத்து நிமிசமா இருந்துச்சு மாமா" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

சேலை கட்டிக்கொண்டிருந்தேன். மணி இரண்டே முக்கால். கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே கத்தினேன்.

"என்ன தமா? பல்லியா?"

"மூணு மணி மாமா! மூணு மணி!"

வேலாத்தாக்காவின் மிஷினுக்கு நான் எழுதிக்கொடுத்த முதல் வரி: 'மூன்று மணிக்கு எழு.' அது பத்து நிமிடம் எண்ணுகிற காத்திருப்பு இல்லை, மணி பார்க்கிற காத்திருப்பு. அதற்கு மணி சொல்கிற கடிகாரத்தைத்தான் கேட்க வேண்டும், சரியாகத்தான் கேட்கிறது. ஆனால் அந்தக் கடிகாரத்தைத்தான் கந்தப்பன் நேற்று ஐம்பது நிமிடம் பின்னால் திருகினாரே! மிஷினுக்கு மூன்று ஆகும்போது ஊருக்கு மூன்று ஐம்பது. நாலு மணிக்குப் பந்தி. நேற்று சந்தோஷத்தில் பூ வாங்கப் போனவளுக்கு அதைத் திருப்பி வைக்கத் தோன்றவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் விற்பனைப் பிரிவில் என் முதல் நாளைக் கற்பனை செய்துகொண்டே போனேன். மண்டபத்துக்குள் நுழையும்போது மூன்று இருபத்தைந்து. சமையற்கூட வாசலிலேயே வேலாத்தாக்கா மறித்துக்கொண்டார்.

"அம்மிணி, பட்டுச்சேலையோட உள்ள வராதீங். ஆவி பறக்குது."

"அக்கா, மிஷின் மூணு மணிக்கு..."

"மூணு ஆச்சு, அது எந்திரிக்கல. எல்லாம் நானு பாத்துக்கிட்டன். நீங்க போய் எலையில உக்காருங்."

உள்ளேயிருந்து இட்லி கூடை கூடையாக வந்துகொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. கையால் பொத்தானை அமுக்கி ஓட்டிவிட்டார் போல, என்ன சமயோசிதம்! முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன். இட்லியா அது? விரல் பட்டாலே நாணிக்கொண்டது. ஏழு சாப்பிட்டேன். பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"இட்லி நொம்பப் பிரமாதமுங்."

"பத்து நிமிஷங்க. ஒரு நொடி கூட இல்ல, குறைவும் இல்ல. நான் எழுதினதுங்க."

"நீங்க எழுதினீங்ளா? இட்லியையா?"

"அடியில இருக்கற காத்திருப்பை."

அவர் மரியாதையாக இலையோடு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்.

நாலே காலுக்குக் கந்தப்பன் வந்தார், போட்டோ பிடிக்க ஓர் ஆளோடு. எல்லோருமாகச் சமையற்கூடத்துக்குள் போனோம். இட்லிக் கொப்பரைகளைத் தாண்டி, மூலையில் மிஷின் பளபளவென்று நின்றது, ஆவி வந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் 'பீப்ப்ப்' என்று கத்தியது. ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்த பரிமாறுகிற ஆறு பேரும் ஓடிவந்து வாளியைத் தூக்கினார்கள்.

வேலாத்தாக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தக் காட்சியை ரசித்தார். "இந்தச் சத்தம் ஒண்ணு போதுமுங். முப்பது வருசமாக் கத்திக் கத்தி என்ற தொண்டை போச்சு. இதே மாதிரி ரெண்டு குடுத்துருங்."

"வெளிநாட்டுப் பொட்டி மாட்டினா இன்னும் நல்லா கத்துமுங்க்கா," என்றார் கந்தப்பன். பாவி மனுஷன்.

"அதெல்லாம் வேண்டாமுங். இதுல காத்திரு, கத்துன்னு தமிழ்ல போட்டிருக்குது, எங்காளுகளுக்கு வெளங்குது. இதே பாஷைல இருக்கட்டும்."

கந்தப்பன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பதம் பிழைத்தது! ஞானவேலுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். "அப்ப விற்பனைக்குப் போகலியா? ஊரு தப்பிச்சுது" என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்கு அப்பளம் இரண்டு.

ஜூன் 17, திங்கள்

கந்தப்பன் ஆபீசுக்கே இனிப்பு கொடுத்தார். "நம்ம மிஷினு முன்னூத்தி இருவது பேருக்கு இட்லி அவிச்சுருக்குதுங்!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி என் பெயரையும் சொன்னார். மாரப்பன்கூடச் சிரித்த மாதிரி இருந்தது. முகத்தில் ஏதோ அசைந்தது. இன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் எண்ணுகிற கடிகாரத்தின் மகிமையை விளக்கினேன். இரண்டு பேர் கடைசி வரை கேட்டார்கள்.

மத்தியானம் மிஷின் திரும்பி வந்தது. ஈட்டுக்கு நாற்பத்தெட்டு என்றால் முன்னூற்று இருபது பேருக்கு எத்தனை ஈடு ஓடியிருக்கும் என்று பார்க்க, அதன் பதிவேட்டை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'மின்சாரம் வந்ததிலிருந்து நிறுத்தும் வரை: 14 நிமிடம். அவித்தது: 1 ஈடு.'